பணம் யாருடைய பெயருக்கு வரும்? ஹல்துமுல்லைத் தோட்டங்களும் நன்கொடை நிதியும்

1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் நிதியுதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளை வரைபடமாக்கும் வேலை தொடங்கியது. வேலையைச் செய்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்ணின் ஆழம், பாறையின் சாய்வு, நீரோடும் தடம் எல்லாம் பார்த்து, எந்தச் சரிவு நிற்கும், எது மழைக்கு இளகும் என்று தாள்தாளாக வரைந்தார்கள். இலங்கையின் மண்சரிவு ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது அந்த நன்கொடை. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு அந்த மலைகளின் தெற்கு விளிம்பில் கிடக்கிறது. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 வீதியில் ஒரு பக்கம் செங்குத்தாகத் தேயிலை, மறுபக்கம் சமவெளி வரை திறந்த பள்ளம், இடையில் கொஸ்லந்தை.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் மீரியபெத்தைத் தோட்டத்தில் மக்கள் குடியிருக்கும் இடம் ஆபத்தானது என்று அதே நிறுவனம் 2005இல் எச்சரித்தது. 2011இல் மறுபடியும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. மண்ணுக்கடியில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் சில நாட்கள் நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் செய்தி வந்தது. பிறகு நிலைபெற்ற கணக்கு, இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நாற்பதுக்கும் குறைவு. எண்ணிக்கை குறைந்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு தோட்டப் பிரிவில் அன்று காலை எத்தனை உயிர்கள் இருந்தன என்று சொல்ல அரசிடமும் கம்பனியிடமும் நம்பத்தகுந்த ஒரு பெயர்ப்பட்டியல் இல்லை என்பதும் அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பணம் வந்தது. பாடசாலைகளிலும் தற்காலிக இடங்களிலும் இரண்டு ஆண்டுகள் கழித்த குடும்பங்களுக்கு, பூனாகலைப் பக்கம் மகல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. ஆய்வுக்கு நிதி கிடைத்தது, அழிவுக்குப் பிறகு வீட்டுக்கும் நிதி கிடைத்தது. இடையில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் எச்சரிக்கையைக் கையில் எடுத்து, மாற்றுக் காணி கேட்டு, அளந்து, மக்களை நகர்த்த ஒரு சிறு தொகை எந்த வரவு செலவுத் தலைப்பிலும் இல்லாமல் போயிற்று. கிராமிய அபிவிருத்திக்கு நிதி தேடுவது பற்றி மலையகத்தில் பேசும்போதெல்லாம் நான் இந்த ஒன்பது ஆண்டுகளிலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். நன்கொடையாளர் யார், விண்ணப்பம் எங்கே, கடைசித் திகதி என்ன என்று அலைகிறோம். அதற்கு முந்திய கேள்வி வேறு: பணம் வந்தால் அது யாருடைய பெயருக்கு வரும்?

பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. 1993இல் உலக வங்கியின் நிதியில் சமூக நீர் வழங்கல் செயற்றிட்டம் தொடங்கியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மற்றவை மாத்தறையும் இரத்தினபுரியும். ஊர் மக்கள் சங்கம் அமைக்க வேண்டும், செலவில் ஒரு பங்கை உழைப்பாகவும் பணமாகவும் போட வேண்டும், கட்டி முடிந்த பிறகு சங்கமே பராமரிக்க வேண்டும் என்பது முறை. சமூகமே முன்வந்து கேட்டு, தானே நடத்தும் நீர்த்திட்டம் என்று உலக வங்கி வட்டாரத்தில் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டப்பட்ட மாதிரி அது. ஊவாவின் பல கிராமங்களில் குழாய்த் தண்ணீர் அந்த வழியில் வந்தது. கிராமத்தில் ஊற்று இருக்கும் காணி யாரோ ஒருவருடையது. அவர் எழுதிக் கொடுத்தால் தாங்கி கட்டலாம். சங்கத்தைப் பதியலாம், பிரதேச சபை பாதை வெட்டித் தரும்.

தோட்டத்தில் ஊற்று கம்பனியின் குத்தகைக்குள் இருக்கிறது. காணி அரசுடையது, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்கு வந்து, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போய், 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்டு, பின் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. நான்கு, ஐந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வாழும் குடும்பத்தின் பெயர் அந்தக் காகிதங்கள் எதிலும் இல்லை. உள்ளூராட்சியும் வாசலுக்கு வெளியே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரே தன் பிரிவுக்கு ஒரு கான்கிரீட் படி போட முடியாமல் நின்றார். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் அமைந்தது. கதவு திறந்தது உண்மை. ஆனால் முப்பது ஆண்டுகள் மூடியிருந்த கதவு அது. அந்த முப்பது ஆண்டுகளில்தான் வெளிநாட்டுக் கிராமிய நிதி இந்த நாட்டுக்குள் மிக அதிகமாகப் பாய்ந்தது.

ஒரு சிறு நீர்த்திட்டத்துக்கான கோப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தால் இது விளங்கும். நாற்பது குடும்பம் உள்ள ஒரு தோட்டப் பிரிவு. மேலே காட்டு விளிம்பில் ஊற்று, அங்கிருந்து பழைய இரும்புக் குழாய் பீலிக்கரை வரை வருகிறது, கோடையில் நூலாக ஒழுகுகிறது. தேவை ஒரு தாங்கி, ஆயிரத்தைந்நூறு மீட்டர் குழாய், வடிகட்டி. இதைக் கேட்டு எழுதினால் கோப்புக்குள் போக வேண்டியவை: காணியைப் பயன்படுத்த ஆட்சேபம் இல்லை என்று தோட்டத்துரையின் கடிதம், துரை தன்னால் முடியாது என்றால் கொழும்பில் கம்பனித் தலைமையகத்தின் கடிதம், தாங்கி கட்டும் இடம் மண்சரிவு வலயத்தில் இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, நீர்ப் பரிசோதனை அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலாளரின் சிபாரிசு, மூன்று விலைமனுக்கள், விண்ணப்பிக்கும் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, வங்கிக் கணக்கு, கடந்த இரண்டு ஆண்டுக் கணக்காய்வு அறிக்கை. விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இதில் ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் ஒரு நாள் பெயரை விட்டு, பஸ் ஏறி ஹல்துமுல்லைக்கோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பெயர் விட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆக நன்கொடை கேட்பதற்கே முதலீடு வேண்டியிருக்கிறது, அந்த முதலீட்டை நாட்கூலிக்காரர் போடுகிறார்.

முதல் தாளே கடைசி வரை வராமல் போவதுண்டு. துரைமார் எல்லாரும் மறுப்பவர்கள் என்று சொல்வது நியாயமாகாது; சிலர் தாங்களே அளவெடுத்து உதவுகிறார்கள். ஆனால் அந்த அனுமதி ஒருவருடைய மனத்தைப் பொறுத்தது, துரை மாறினால் அதுவும் மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு திட்டத்தை அந்த நம்பிக்கையில் கட்ட எந்த நன்கொடையாளரும் தயங்குவார்.

சங்கம் என்ற இரண்டாவது தடையை நாம் நினைப்பதைவிட எளிதாகத் தாண்டலாம் என்று எனக்குப் படுகிறது. தோட்டத்தில் அமைப்பு இல்லாமல் இல்லை. கோயில் கமிட்டி திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டு, வரவையும் செலவையும் கூட்டத்தில் வாசிக்கிறது. மரண உதவிச் சங்கம் மாதச் சந்தா பிடிக்கிறது. மாதர் சங்கம் சுழற்சிக் கடன் கொடுக்கிறது. இவற்றில் பலவும் பதியப்படாதவை. ஆனால் கணக்குக் கொப்பி இருக்கிறது. அவற்றைவிட முக்கியமாக, 1992இல் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து அமைத்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கீழ் பெரும்பாலான தோட்டங்களில் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. கூட்டுறவுச் சட்டப்படி பதிந்தது, தொழிலாளரே உறுப்பினர். ஒரு காலத்தில் நெதர்லாந்தும் நோர்வேயும் கொடுத்த நிதியில் தோட்ட வீடுகளும் மலசலகூடங்களும் கட்டப்பட்டபோது நிதியம் வழியாக நடந்தது அந்த வேலை. பல இடங்களில் இன்று சங்கம் பெயரளவில் கிடக்கிறது. புதிதாக ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தைப் பதிந்து, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் நடைமுறைகளையெல்லாம் கடந்து வருவதைவிட, தூங்கும் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பிப் பொதுக்கூட்டம் கூட்டி, இரண்டு ஆண்டுக் கணக்கைச் சரிசெய்வது நெருங்கிய வழி. அதில் நிர்வாகத்தின் கை ஓங்கியிருக்கும் என்ற குறை எனக்குத் தெரியும். உறுப்பினர் கூட்டத்துக்கு வந்து வாக்களிக்கத் தொடங்கினால் அந்தக் கை தளரும்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் பாடசாலைக் கட்டடம், நீர், சுகாதார நிலையம் போன்றவற்றுக்கு நிதி கொடுக்கிறது. சம்பளத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் தராது. உலகளாவிய சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம் 50,000 டொலர் வரை சமூக அமைப்புகளுக்கே நேராகக் கொடுக்கப் படைக்கப்பட்டது. ஊற்றுப் பாதுகாப்பு, மண் அரிப்பு போன்றவை அதற்குப் பொருந்தும். உலக வங்கி 2015இல் அங்கீகரித்த 165 மில்லியன் டொலர் நீர் வழங்கல் திட்டத்தில் பதுளை உட்பட ஏழு மாவட்டங்களும் தோட்டங்களும் சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் மத்திய, ஊவா மாகாணங்களின் ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்திக்கென்று தனியாக நிதி ஒதுக்கியது. இந்தியா பெருந்தோட்டப் பகுதிக்கு முதலில் 4,000 வீடுகளையும் 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட்டில் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளையும் கொடுக்கிறது. மலையக மக்களின் வருகையின் 200ஆம் ஆண்டை ஒட்டி 2023இல் 75 கோடி இந்திய ரூபாவும் அறிவித்தது. அமெரிக்க யுஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டதும் ஒரு பெரிய வாசல் அடைந்துபோயிற்று.

பெரிய தொகைகள் எல்லாம் அரசோடு அரசு பேசி, அமைச்சு வழியாக வருபவை. ஹல்துமுல்லையில் ஒரு மாதர் சங்கம் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. தங்கள் தோட்டப் பெயர் பயனாளிப் பட்டியலில் ஏறச் செய்ய முடியும். பட்டியலில் ஏறுவதற்கு எண் வேண்டும். வீடு எத்தனை, தலை எத்தனை, மலசலகூடம் எத்தனை, எத்தனை லயன் மண்சரிவு வலயத்தில், பாடசாலைக்குப் போகும் பிள்ளை எத்தனை. 2019 வீட்டு அலகு வருமானக் கணக்கெடுப்பு தோட்டத் துறையின் வறுமையை 33.8 வீதம் என்றது. நாடு முழுவதற்கும் 14.3. அந்த ஒற்றை எண்ணை எல்லா முன்மொழிவுகளும் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுகின்றன. கொஸ்லந்தையின் ஒரு பிரிவும் மஸ்கெலியாவின் ஒரு பிரிவும் அதற்குள் ஒன்றாகிவிடுகின்றன. தன் தோட்டத்தின் கணக்கைத் தானே எடுத்து வைத்திருக்கும் சமூகம் மேசையில் வேறு விதமாகப் பேசும். மீரியபெத்தையில் அந்தப் பட்டியல் இல்லாததன் விலையை நாம் பார்த்தோம்.

ஆய்வு நிதியின் வரலாறு இங்கே ஒரு பெரிய அநீதியைக் காட்டுகிறது. 1925இல் தேயிலை ஆராய்ச்சிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது ஒரு வரி விதித்து, அதில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கப்பட்டது. இன்று தலவாக்கலையில் இருக்கும் அந்த நிலையம் நூறாண்டு கண்டுவிட்டது. ஊவாவுக்கென்று பசறையில் ஒரு பிராந்திய நிலையமும் உண்டு. எந்தக் கன்று எந்த உயரத்தில் தழைக்கும், கொப்புள நோய்க்கு என்ன மருந்து, கவாத்து எப்போது என்று செடியைப் பற்றித் தெரியாதது இல்லை. அந்த அறிவு வீண் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்குச் சோறு போட்ட அறிவு அது. ஆனால் அந்த வரிப் பணம் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பிலிருந்து வந்தது. அந்தக் கைகளுக்குரியவர்களின் வீடு, உணவு, அவர்கள் குடியிருக்கும் சரிவு ஆகியவற்றை ஆராய அதுபோல் நிலையான ஒரு நிதி நூறு ஆண்டில் ஒருமுறையும் ஒதுக்கப்படவில்லை. அவ்வப்போது வரும் வெளிநாட்டு மானியத்தில், அல்லது ஒரு பட்டதாரி மாணவரின் சொந்தச் செலவில், அந்த ஆய்வு நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேயிலையை உலகுக்கு விளம்பரம் செய்வதற்கென்று 2010இலிருந்து ஏற்றுமதிக் கிலோவுக்கு 3.50 ரூபா அறவிடுகிறார்கள். ஆண்டு ஏற்றுமதி அண்மைக் காலத்தில் ஏறக்குறைய 240 மில்லியன் கிலோ. கிலோவுக்கு வெறும் 50 சதத்தைத் தோட்டச் சரிவுகளின் பாதுகாப்புக்கும் அது சார்ந்த ஆய்வுக்கும் ஒதுக்கினால் ஆண்டுக்கு 120 மில்லியன் ரூபா சேரும். இந்திய வீடமைப்புத் திட்டம் வீட்டுக்கு ஒதுக்கும் 2.8 மில்லியன் என்ற அளவில் அது நாற்பதுக்கு மேற்பட்ட வீடு. அல்லது ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மழைமானி, அளவையாளர், அவற்றை நடத்தும் ஆட்கள். வெளிநாட்டாரிடம் கையேந்தாமல், தேயிலையே தன்னை வளர்த்தவர்களுக்குக் கொடுக்கும் நிதி. பாராளுமன்றத்தில் மலையகப் பிரதிநிதிகள் இந்தக் கோரிக்கையை ஒரு வரவு செலவுத் திட்டத்திலாவது முன்வைக்க வேண்டும்.

அது வரும் வரை சமூகமும் ஆய்வாளரும் சேர்ந்து சிறு நிதியில் செய்யக்கூடிய வேலை ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் தினமும் காலை மழைமானியைப் பார்த்து அளவெழுதும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து உண்டு. தடித்த அட்டைப் பேரேட்டில், மாதத்துக்கு ஒரு பக்கமாக, பல பத்தாண்டு மழை எழுதப்பட்டுக் கிடக்கிறது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள் தெளிவானவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் அடுத்த நிலை, 150 கடந்தால் வெளியேற வேண்டும். ஆனால் இந்த மலையில் ஒரு சரிவில் கொட்டும் மழை மறுசரிவில் தூறலாக இருக்கும். பெரிய அலுவலகத்தின் மழைமானி மேற்பிரிவு லயனுக்கு உண்மை சொல்லாது. ஒவ்வொரு பிரிவிலும் மழையை அளக்க வேண்டும்.

கேரளத்தின் வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் விவசாயிகள், தோட்டக்காரர்கள் வழியாக மழையை அளந்து வருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதி அழிவதற்கு முந்திய நாளே மாவட்ட நிர்வாகத்துக்கு அது எச்சரிக்கை கொடுத்தது. எச்சரிக்கை செயலாகவில்லை என்ற துயரம் அங்கும் உண்டு. ஆனால் மாவட்டத்தில் இன்ன இடத்தில் இன்ன அளவு பெய்தது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இதற்கு மாறாக, 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் தமிழ்த் தொழிலாளரின் லயன்கள் புதைந்து 70 பேர் போனபோது, வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலைதான் எட்டியது.

ஹல்துமுல்லையில் இதைச் செய்ய வேண்டியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பதுளையில் 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கோ தேசிய ஆராய்ச்சிப் பேரவைக்கோ விண்ணப்பிக்கலாம். பழைய பேரேடுகளைப் படமெடுத்து எண்ணாக்குவது ஆய்வுப் பகுதி. ஒவ்வொரு பிரிவிலும் மழைமானி வைத்து அளப்பது சமூகப் பகுதி. அதற்குச் சுற்றாடல் சிறுமானியம் பொருந்தும். உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பிரிவிலும் உண்டு. அவர்களுக்கு மாதப் படி கொடுக்க வேண்டும், இலவச உழைப்பாகக் கேட்கக் கூடாது. முன்மொழிவில் அந்தப் படியை முதல் வரியிலேயே எழுத வேண்டும். தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும்: கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு பிரதி, தமிழில், எப்போதும். மலையகத்தில் எத்தனையோ ஆய்வுகள் நடந்து, கேள்விக்கொத்தில் பதில் சொன்னவர் கைக்கு ஒரு தாளும் திரும்பாமல் போயிருக்கிறது.

காணிக்கும் இதே வேலை உதவும். மழையை அளக்கும்போதே வீட்டையும் எண்ணலாம், லயனின் எல்லையை ஜிபிஎஸ்ஸில் குறிக்கலாம், எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கே என்பதைப் பதியலாம். 1992இலிருந்து 53 ஆண்டு எண்ணினால் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதற்கு முன்னரே அதை நீட்டுவதா, பிரிப்பதா, யாருக்கு எத்தனை பேர்ச் என்ற பேச்சு மேசைக்கு வரும். பூனாகலைப் பக்கம் கபரகலைத் தோட்டத்தில் 2023 மார்ச்சில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோதும் முதல் கேள்வி மாற்றுக் காணி எங்கே என்பதாகவே இருந்தது. குத்தகைப் பேச்சு நடக்கும் மேசையில் கம்பனி தன் நில அளவை வரைபடத்தோடு உட்காரும். அரசு தன் கோப்போடு உட்காரும். தோட்ட மக்கள் தங்கள் பக்கத்தில் வைக்க ஒரு வரைபடத்தையும் ஒரு பதிவேட்டையும் தயாரிக்க இன்னும் இருபது ஆண்டுகூட இல்லை. ஒரு சிறுமானியத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.